ஒரு சிறு மலையூரின் பேரிடர் வரலாற்றையும் ஆபத்தையும் நீங்களே கண்டறிவது எப்படி: முழுமையான வழிகாட்டி

1985 நவம்பர் 13 இரவு கொலம்பியாவின் நெவாடோ டெல் ரூயிஸ் எரிமலை வெடித்து, உச்சியில் இருந்த பனியை உருக்கியது. சேறும் பாறையுமாகத் திரண்ட வெள்ளம் பள்ளத்தாக்குகளில் இறங்கி, ஏறக்குறைய இரண்டரை மணி நேரத்தில் அர்மேரோ என்ற ஊரை மூடியது. அந்த இரவில் சுமார் 23,000 பேர் இறந்தார்கள். அதே எரிமலையின் சேறு 1595-லும் 1845-லும் அதே இடத்துக்கு வந்திருக்கிறது. ஊர் எழுந்ததே அந்தப் பழைய சேற்றுப் படிவின் மேல்தான். வெடிப்புக்கு ஒரு மாதம் முன்பு தயாரான ஆபத்து வரைபடத்திலும் அர்மேரோ ஆபத்தான பகுதிக்குள்தான் இருந்தது.

மலையூர்களில் நடந்த பேரிடர்களை அடுத்தடுத்துப் படித்தால் இது திரும்பத் திரும்ப வருவதைப் பார்க்கலாம். சரிவும் வெள்ளமும் பெரும்பாலும் முன்பு வந்த வழியிலேயே மறுபடி வருகின்றன. இரண்டு வருகைக்கும் நடுவே ஐம்பது, நூறு ஆண்டுகள் ஓடிவிடுவதால் ஊர் மறந்துவிடுகிறது. அந்த மறதியைப் போக்குவதுதான் ஆபத்தை அளப்பதன் முதல் வேலை. அதற்குப் பொறியியல் பட்டம் வேண்டாம். பொறுமையும், நல்ல காலணியும், ஒரு நோட்டுப் புத்தகமும் இருந்தால் தொடங்கலாம்.

மலையூரில் வசிப்பவர், அங்கே நிலம் வாங்க நினைப்பவர், பள்ளி ஆசிரியர், வார்டு உறுப்பினர் என யார் வேண்டுமானாலும் கீழே உள்ள படிகளைச் செய்யலாம். நிலவியலாளரின் ஆய்வு தேவைப்படும் இடத்தில் இது அதற்கு மாற்றாகாது. ஆனால் எந்த இடத்துக்கு அந்த ஆய்வு தேவை என்று கேட்கும் தகுதியை உங்களுக்குக் கொடுக்கும்.

முதல் படி: ஊரின் எல்லையை மறந்துவிட்டு, நீரின் எல்லையை வரையுங்கள்

பலர் செய்யும் வேலை, ஊர் வரைபடத்தை எடுத்து அதற்குள் ஆபத்தைத் தேடுவது. மலையில் ஆபத்து பெரும்பாலும் ஊருக்கு வெளியே, மேலே பிறக்கிறது. உங்கள் ஊர் வழியாக ஓடும் ஒவ்வொரு ஓடையையும் ஆற்றையும் மேல்நோக்கிப் பின்தொடர்ந்து, மலைமுகடு வரை ஒரு கோடு போடுங்கள். மழை விழுந்தால் உங்கள் ஊருக்கு வந்து சேரும் நிலம் முழுவதும் அந்தக் கோட்டுக்குள் வர வேண்டும்.

2021 பிப்ரவரி 7-ஆம் தேதி உத்தராகண்டின் சமோலி மாவட்டத்தில் வானம் தெளிவாக இருந்தது, மழை இல்லை. ரோண்டி சிகரத்தின் ஒரு பக்கத்திலிருந்து ஏறக்குறைய 2.7 கோடி கனமீட்டர் பாறையும் பனியும் பெயர்ந்து பள்ளத்தாக்கில் பாய்ந்தன. கீழே நீர்மின் திட்டங்களில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் உட்பட 200-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 2023 அக்டோபரில் சிக்கிமின் தெற்கு லோனாக் பனியேரி (பனிப்பாறை உருகிய நீர் தேங்கிய ஏரி) உடைந்தபோது, தொலைவில் கீழே இருந்த சுங்தாங் அணையை வெள்ளம் அடித்துச் சென்றது. இரண்டு இடங்களிலும் கீழே நின்றவர்களுக்கு, ஆபத்து பிறந்த இடம் கண்ணுக்கே தெரியாது.

கூகுள் எர்த் போதும், சமவுயரக் கோடுகள் உள்ள நிலப்பட வரைபடம் கிடைத்தால் இன்னும் நல்லது. வரைந்த எல்லைக்குள் இருக்கும் ஏரி, பனிப்பாறை, அணை, குவாரி, சுரங்கம், புதிய சாலை வெட்டு, கைவிடப்பட்ட குளம் எல்லாவற்றையும் குறியுங்கள். இதைக் காகிதத்தில் பெரிதாக அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். இனி வரும் எல்லாப் படிகளும் இந்தக் காகிதத்தின் மேல்தான் நடக்கும்.

இரண்டாம் படி: நடந்தவற்றைத் தேடி எடுங்கள்

இதற்குத்தான் அதிக நேரம் பிடிக்கும், பலனும் இங்கேதான் அதிகம்.

உலகப் பேரிடர் தரவுத்தளங்களில் தேடி, உங்கள் ஊர் பெயர் இல்லை என்று நிம்மதி அடையாதீர்கள். எம்டாட் என்ற பிரபலமான தரவுத்தளத்தில் ஒரு நிகழ்வு இடம்பெற 10 பேராவது இறந்திருக்க வேண்டும், அல்லது 100 பேராவது பாதிக்கப்பட்டிருக்க வேண்டும், அல்லது அவசரநிலை அறிவிப்போ வெளிநாட்டு உதவிக் கோரிக்கையோ இருந்திருக்க வேண்டும். ஆளில்லாத சரிவில் இறங்கிய மண், ஒரு மாட்டுக்கொட்டிலை மட்டும் புதைத்த சேறு, இரண்டு நாள் அடைபட்ட சாலை எதுவும் அதில் வராது. ஆனால் அடுத்த பெரிய சரிவு எங்கே வரும் என்பதற்கான சிறந்த தடயங்கள் இந்தச் சிறு நிகழ்வுகள்தான்.

எனவே சின்ன ஆவணங்களைத் தேடுங்கள். சாலையைப் பராமரிக்கும் துறையின் மண் அகற்றிய கணக்கு, மலை ரயில் இருந்தால் தண்டவாளம் அடைபட்ட பதிவு, தோட்ட நிர்வாகங்களின் மழைப் பதிவேடு, பள்ளியின் பழைய நாட்குறிப்பு, வழிபாட்டுத் தலங்களின் பதிவேடுகள், பழைய நாளிதழ்கள், நிவாரணம் கேட்டுக் கொடுத்த மனுக்கள் என்று நிறைய இருக்கும். மழைக்காலத் தேதிகளாகப் பார்த்துத் தேடினால் வேலை பாதியாகும்.

அப்புறம் பெரியவர்களிடம் போங்கள். "இங்கே நிலச்சரிவு வந்திருக்கிறதா?" என்று கேட்டால் பெரும்பாலும் "இல்லை" என்றுதான் பதில் வரும். தலைப்புச் செய்தி ஆகாததை மக்கள் நிலச்சரிவு என்று நினைப்பதில்லை. கேள்வியை மாற்றுங்கள். எந்த வளைவில் ஒவ்வொரு மழைக்கும் சாலை அடைபடும்? இந்த ஓடை முன்பு எங்கே ஓடியது? யாருடைய வீட்டைக் கைவிட்டு வேறு இடத்தில் கட்டினார்கள், ஏன்? தண்ணீர் எதுவரை வந்தது, சுவரில் கை வைத்துக் காட்ட முடியுமா? இப்படிக் கேட்டால் நினைவுகள் தாமாக வரும். தேதி நினைவில்லை என்றால் ஒரு பிறப்போடும் திருமணத்தோடும் தேர்தலோடும் பொருத்திப் பாருங்கள்.

வாய்மொழிச் செய்திகளை ஒருபோதும் தள்ளாதீர்கள். கனடாவின் டர்டில் மலை அடிவாரத்தில் கூடாரம் போட அந்தப் பகுதியின் பூர்வகுடி மக்கள் மறுத்துவந்தார்கள், அந்த மலை அசைவது என்று சொன்னார்கள். அதன் அடியில் நிலக்கரிச் சுரங்கமும் பிராங்க் என்ற ஊரும் வந்தன. 1903 ஏப்ரல் 29 விடியலுக்கு முன் மலையின் முகம் பெயர்ந்து, இரண்டு நிமிடத்துக்கும் குறைவான நேரத்தில் ஊரின் ஒரு பகுதியைப் புதைத்தது.

கிடைக்கும் ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஒரு வரி எழுதுங்கள்: தேதி, நேரம், இடம், என்ன வகை, அதற்கு முந்தைய நாட்களின் மழை, என்ன சேதம், யார் சொன்னது, எவ்வளவு உறுதி. "எவ்வளவு உறுதி" என்ற கடைசிக் குறிப்பை விட்டுவிடாதீர்கள். ஆவணத்தில் இருப்பது, இருவர் தனித்தனியாகச் சொன்னது, ஒருவர் மட்டும் சொன்னது என்று மூன்று தரமாகப் பிரித்தாலே போதும். நூலிழையில் தப்பியவையும் பட்டியலில் இருக்க வேண்டும்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஓசோ என்ற இடத்தில் ஒரே மலைச்சரிவு 1949, 1951, 1967, 2006 ஆகிய ஆண்டுகளில் அசைந்தது. 2006-க்குப் பிறகும் எதிர்க்கரையில் வீடுகள் எழும்பின. 2014 மார்ச் 22 அன்று அது முழுமையாகச் சரிந்து ஆற்றைத் தாண்டி வந்தது, 43 பேர் இறந்தார்கள். வயநாட்டின் முண்டக்கையில் 1984-லேயே நிலச்சரிவில் உயிர்கள் போயின. 2024 ஜூலை 30 அதிகாலை 250-க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோன சரிவு, ஏற்கெனவே பதிவான ஒரு பழைய சரிவின் இடத்தில்தான் தொடங்கியது என்பதைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டின.

பட்டியல் தயாரானதும் ஒரு தவறான முடிவுக்குப் போகும் ஆசை வரும். "இதுவரை வந்ததில் பெரியது இதுதான், இதற்கு மேல் வராது" என்று. பெருவில் 1962-ல் வாஸ்கரான் மலையிலிருந்து வந்த பனியும் பாறையும் ரன்ராஹிர்காவை அழித்தன, பக்கத்து யுங்காய் ஒரு மேட்டின் மறைவில் தப்பியது. 1970 மே 31-ஆம் தேதி நிலநடுக்கத்தில் அதே மலை இன்னும் பெரிதாகப் பெயர்ந்தபோது அந்த மேட்டைத் தாண்டி வந்து யுங்காயையே புதைத்துவிட்டது. ஆஸ்திரியாவின் கால்டூரில் 1999 பிப்ரவரி 23-ல் இறங்கிய பனிச்சரிவு, ஆபத்து வரைபடத்தில் பாதுகாப்பானது என்று பச்சை வண்ணம் தீட்டிய பகுதிக்குள்ளும் நுழைந்தது. 31 பேர் இறந்தார்கள். வரலாறு குறைந்தபட்ச எல்லையைத்தான் சொல்லும்.

மூன்றாம் படி: நிலத்தைப் படியுங்கள்

மனிதர் எழுதாததையும் நிலம் வைத்திருக்கும். முதலில் திரையில் பாருங்கள். கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுகளின் படங்களை நகர்த்திப் பார்க்கலாம். லேண்ட்சாட் என்ற செயற்கைக்கோள்களின் படங்கள் 1972 முதல் இருக்கின்றன. 1960 முதல் 1972 வரை அமெரிக்க உளவுச் செயற்கைக்கோளான கொரோனா எடுத்த படங்கள் 1995-ல் பொதுவில் திறக்கப்பட்டன. காடும் கட்டடமும் மூடுவதற்கு முந்தைய உங்கள் மலையை அதில் பார்க்க முடியலாம். கரண்டியால் அள்ளியது போன்ற பள்ளம், அதன் கீழே மேடும் குழியுமான நிலம், ஓடை சமவெளியில் இறங்கும் இடத்தில் விசிறி போல் விரிந்த மேடு ஆகியவற்றைத் தேடுங்கள்.

விசிறி மேட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மலையில் தட்டையான நிலம் அரிது. ஓடை வாய் விரியும் இடத்தில் நிலம் சாய்வு குறைவாக, மண் வளமாக, தண்ணீர் அருகிலேயே இருக்கும். அதனால்தான் உலகெங்கும் மலையூர்கள் அங்கே அமைந்தன. ஆனால் அந்த மேட்டை உண்டாக்கியதே ஓடையில் மீண்டும் மீண்டும் இறங்கிவந்த சேறும் கல்லும்தான். அர்மேரோவும் அப்படிப்பட்ட இடம். விசிறியின் மேல் ஓடை ஓரிடத்தில் நிலைக்காது. ஒரு பெருவெள்ளத்தில் இடப்பக்கம் இருந்தது வலப்பக்கம் தாவும். ஆகவே "ஓடையிலிருந்து என் வீடு தள்ளி இருக்கிறது" என்ற கணக்கு விசிறியில் செல்லாது.

பிறகு நடந்து போய்ப் பாருங்கள். மழைக்காலம் முடிந்த கையோடு போவது நல்லது. சாலை வெட்டிலோ ஓடைக் கரையிலோ மண்ணின் குறுக்குவெட்டைக் கவனியுங்கள். உருண்டையான கற்கள் அளவு வாரியாக அடுக்கடுக்காக இருந்தால் ஆறு மெதுவாகப் படியவைத்தது. கூர்மையான சிறு கல்லும் பெரும்பாறையும் சேற்றோடு ஒழுங்கில்லாமல் கலந்திருந்தால் அது ஒரே வீச்சில் வந்த சேற்றோட்டம். அப்படி எத்தனை அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக உள்ளன என்று எண்ணுங்கள். இடையில் கருமண் பட்டை இருந்தால், இரண்டு ஓட்டங்களுக்கு நடுவே செடி கொடி வளரும் அளவுக்குக் காலம் போயிருக்கிறது என்று பொருள். தோட்டத்தின் நடுவே கிடக்கும் வீடளவு பாறைகளை யாரும் தூக்கி வந்து வைக்கவில்லை. அவை எங்கிருந்து வந்தன என்று மேலே பாருங்கள்.

அடிமரம் வளைந்து மேலே நிமிர்ந்த மரங்கள், சாய்ந்த மின்கம்பங்கள், வேலியின் நேர்கோடு உடைந்த இடம், சரிவின் நடுவில் திடீரென்று தோன்றும் ஊற்று ஆகியவை நிலம் மெல்ல நகர்வதைக் காட்டலாம். எந்த ஒன்றையும் தனியாக வைத்து முடிவுக்கு வராதீர்கள். மூன்று நான்கு ஒரே இடத்தில் சேர்ந்தால் கவனியுங்கள். உத்தராகண்டின் ஜோஷிமட் பழைய நிலச்சரிவுக் குவியலின் மேல் இருப்பதை 1976-லேயே மிஸ்ரா குழு சொல்லிவிட்டது. 2023 ஜனவரியில் அங்கே நூற்றுக்கணக்கான வீடுகளில் விரிசல் விழுந்தது.

கைப்பேசியில் சாய்வளக்கும் செயலி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். மழையால் பெயரும் மேலோட்டமான சரிவுகள் பெரும்பாலும் 25 முதல் 45 டிகிரி சாய்வில் தொடங்குகின்றன, பனிச்சரிவுகள் 30 முதல் 45 டிகிரியில். பாறை உருளும் முகட்டுக்குக் கீழே நிற்கிறீர்கள் என்றால், நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து பாறை முகத்தின் அடிக்குச் செல்லும் கோட்டின் கோணத்தை அளங்கள். ஏறக்குறைய 27 டிகிரிக்கு மேல் இருந்தால் உருண்டுவரும் கல் உங்களை எட்டக்கூடிய எல்லைக்குள் நிற்கிறீர்கள். இது முதற்கட்டச் சல்லடை மட்டும். சேற்றோட்டமும் பெருஞ்சரிவும் இதைவிட மிகத் தாழ்ந்த கோணத்திலும் வெகுதூரம் போகும்.

நான்காம் படி: ஆபத்தை வகை பிரியுங்கள்

எல்லாவற்றையும் "நிலச்சரிவு" என்று ஒரே பெயரில் அடக்கினால் தயாரிப்பு குழம்பும். ஒவ்வொரு வகைக்கும் மூன்று கேள்விகள்: எது தூண்டும், எவ்வளவு வேகம், எத்தனை நேரம் முன்னதாகத் தெரியும்?

கனமழையில் பெயரும் மேல்மண்ணும் அது ஓடையில் கலந்து வரும் சேற்றோட்டமும் நிமிடங்களில் வரும். ஆழமான பெருஞ்சரிவு வேறு மாதிரி. அது வாரக்கணக்கில் மண்ணுக்குள் இறங்கிய நீரால் தூண்டப்படும், மழை நின்ற பிறகும் வரும். ஓசோ சரிந்தது வெயில் அடித்த ஒரு சனிக்கிழமை காலை. மழை விட்டதும் எல்லாரும் வீடு திரும்பிவிடும் ஊர்களில் இது பெரிய ஆபத்து.

நிலநடுக்கம் முன்னறிவிப்பு தராது. கட்டடம் இடிவதோடு அது நிற்பதும் இல்லை. 2015 நேபாள நிலநடுக்கத்தில் லாங்டாங் கிராமத்தைப் புதைத்தது மேலிருந்து வந்த பனியும் பாறையும். 2008 மே மாதம் சீனாவின் வென்சுவான் நிலநடுக்கத்தில் நொறுங்கிய பெய்ச்சுவான் ஊரில், அதே ஆண்டு செப்டம்பர் மழையில் சேற்றோட்டங்கள் இறங்கின. உலுக்கப்பட்ட மலை பல ஆண்டுகளுக்குத் தளர்ந்தே இருக்கும்.

காட்டுத்தீயையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தீ தன்னளவில் ஆபத்து, எரிந்த சரிவு அடுத்த மழைக்கு இன்னொரு ஆபத்து. கலிபோர்னியாவின் மான்டெசிட்டோவில் 2018 ஜனவரி 9-ல், முந்தைய மாதம் எரிந்த மலையில் சிறிது நேரம் கொட்டிய மழை சேற்றோட்டமாக இறங்கி 23 பேரைக் கொன்றது.

உங்கள் ஊருக்குப் பொருந்தாததை அடித்துவிடுங்கள். பனியே விழாத ஊரில் பனிச்சரிவுக்குப் பத்தி வேண்டாம்.

ஐந்தாம் படி: மனிதர் மாற்றியதைக் கணக்கில் எடுங்கள்

பழைய வரலாறு பழைய மலையுடையது. நாம் வெட்டியும் நிரப்பியும் நீரைத் திருப்பியும் அதை மாற்றியிருக்கிறோம். சரிவின் அடியை வெட்டினால் மேலே இருப்பதைத் தாங்கும் கால் போகிறது. மேலே மண் கொட்டினால் சுமை கூடுகிறது. உள்ளே நீர் விட்டால் பிடிமானம் தளர்கிறது. இந்த மூன்றில் எது எங்கே நடந்தது என்று உங்கள் காகிதத்தில் குறியுங்கள்.

சுவிட்சர்லாந்தின் எல்ம் ஊரில் மலையின் அடியைக் குடைந்து கற்பலகை எடுத்தார்கள். 1881 செப்டம்பர் 11-ல் மலை இறங்கி 115 பேர் இறந்தார்கள். இத்தாலியின் வயோன்ட் அணையில் நீர்மட்டத்தை ஏற்றியும் இறக்கியும் வந்தபோது டோக் மலை நகரத் தொடங்கியது. 1960-ல் ஒரு சிறிய சரிவும் நீண்ட விரிசலும் வந்தன. 1963 அக்டோபர் 9 இரவு சுமார் 27 கோடி கனமீட்டர் மலை நீர்த்தேக்கத்துக்குள் விழுந்தது. எழும்பிய அலை அணைக்கு மேல் தாண்டிக் கீழே இருந்த லோங்கரோனேயை அழித்தது. சுமார் 2,000 பேர் இறந்தார்கள், அணை நின்றது.

உங்கள் ஊரில் இவ்வளவு பெரிய அணை இருக்காமல் போகலாம். ஆனால் ஒழுகும் குடிநீர்க் குழாயும், சரிவின் மேல் தோண்டிய செப்டிக் குழியும், மழைநீரை அடுத்தவர் சரிவில் கொண்டுபோய்க் கொட்டும் வடிகாலும் நிச்சயம் இருக்கும். மழை பெய்யும்போது குடையோடு போய், சாலையில் விழும் நீர் கடைசியில் எங்கே போகிறது என்று பின்தொடர்ந்து பாருங்கள். என் பார்வையில் இதைவிடப் பயனுள்ள ஆய்வு வேறில்லை. சிறுபாலங்களின் வாயை அளந்து, மேலே ஓடைப் படுகையில் கிடக்கும் மரத்துண்டும் பாறையும் அதில் சிக்குமா என்று யோசியுங்கள். அடைபட்ட சிறுபாலம் வெள்ளத்தை வீடுகளுக்குள் திருப்பிவிடும். தடுப்புச் சுவர்களில் நீர் வடியும் துளைகள் திறந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

ஆறாம் படி: மழையை நீங்களே அளங்கள்

மலையில் மழை பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு மாறும். மாவட்டத் தலைநகரின் மழை அளவு உங்கள் சரிவைப் பற்றி அதிகம் சொல்லாது. 2009 நவம்பரில் நீலகிரியின் கேத்தியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் பதிவானது. அந்த மழையில் மாவட்டம் முழுவதும் நூற்றுக்கணக்கான சரிவுகள் இறங்கின, நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

நேரான பக்கங்கள் உள்ள எந்தப் பாத்திரமும் மழைமானியாகும். திறந்த வெளியில், மரமும் கூரையும் மறைக்காத இடத்தில் வைத்து, தினமும் ஒரே நேரத்தில் நீரின் உயரத்தை மில்லிமீட்டரில் எழுதுங்கள். கனமழையில் மணிக்கொரு முறை பாருங்கள். அன்றைய மழையோடு முந்தைய மூன்று, பத்து நாட்களின் மொத்தத்தையும் எழுதுங்கள். ஏற்கெனவே ஊறிய மண் குறைந்த மழையிலும் பெயரும்.

சரி, எவ்வளவு பெய்தால் கிளம்ப வேண்டும்? இலங்கையின் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டரை விழிப்புக்கும், 100-ஐ எச்சரிக்கைக்கும், 150-ஐ வெளியேறுவதற்கும் அளவாக வைத்திருக்கிறது. ஒரு மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் பெய்தாலும் வெளியேற வேண்டும். அது அந்த நாட்டு மலைக்கு வகுத்தது. உங்கள் ஊருக்கு உரிய அளவு, இரண்டாம் படியில் சேர்த்த நிகழ்வுகளையும் அந்த நாட்களின் மழையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் தெரியும். தெரியும்வரை குறைந்த அளவையே பிடித்துக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தரம் போடுங்கள்

இப்போது காகிதத்தில் மூன்று அடுக்குகள் சேர்ந்திருக்கும்: நடந்த இடங்கள், நிலம் காட்டும் இடங்கள், மனிதர் மாற்றிய இடங்கள். மூன்றும் ஒன்றின்மேல் ஒன்று விழும் இடங்களைச் சிவப்பாக்குங்கள். இரண்டு விழுந்தால் ஆரஞ்சு. அதன் பிறகு அங்கே யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். இரவில் தூங்குபவர்கள், நடக்க முடியாதவர்கள், பள்ளி, மருத்துவமனை, விடுதி. ஆளில்லாத சிவப்பைவிட, நாற்பது குழந்தைகள் தங்கும் ஆரஞ்சு முதலில் கவனிக்க வேண்டியது.

"நூறாண்டுக்கு ஒரு முறை வரும் வெள்ளம்" என்று யாராவது சொன்னால், இன்னும் நூறாண்டு இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு ஆண்டும் நூற்றில் ஒரு வாய்ப்பு என்பதே அதன் பொருள். அப்படிப்பட்ட இடத்தில் 30 ஆண்டுகள் வசித்தால், அந்த வெள்ளத்தை ஒரு முறையாவது பார்க்கும் வாய்ப்பு ஏறக்குறைய 26 விழுக்காடு.

எட்டாம் படி: எங்கே ஓடுவது என்பதை நடந்து பாருங்கள்

1976 ஜூலை 31 இரவு அமெரிக்காவின் பிக் தாம்சன் பள்ளத்தாக்கில் திடீர் வெள்ளம் 140-க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. காரில் பள்ளத்தாக்கு வழியாகவே தப்பிக்க முயன்ற பலர் அதில் சிக்கினார்கள். வண்டியை விட்டுவிட்டு மேலே ஏறு என்ற அறிவிப்புப் பலகைகள் அதன் பிறகு அங்கே வந்தன. யுங்காயிலும் பிழைத்தவர்களில் பலர் ஊரின் கல்லறை மேட்டில் ஏறியவர்கள். சேற்றோட்டத்தோடு ஓட்டப்பந்தயம் முடியாது. ஓடையின் திசையில் ஓடாமல், பக்கவாட்டில் விலகி உயரத்துக்குப் போவதுதான் வழி.

ஆகவே ஒவ்வொரு சிவப்பு வீட்டிலிருந்தும் சில நிமிடத்தில் நடந்து சேரக்கூடிய உயரமான இடம் எது என்று குறியுங்கள். அந்தப் பாதை ஓடையைக் கடக்கக் கூடாது. இருட்டில், மழையில், ஒரு முதியவரோடு நடந்து பார்த்துவிட்டு நேரத்தை எழுதுங்கள்.

தீ என்றால் ஊரையே காலி செய்ய வேண்டிவரும், அப்போது சாலைகள்தான் உயிர். கலிபோர்னியாவின் பாரடைஸ் ஊரில் 2008 தீயின்போதே வெளியேறும் சாலைகள் நெரிந்தன. 2018 நவம்பர் 8-ல் வந்த தீ 85 பேரைக் கொன்றது.

மின்சாரமும் கைப்பேசிக் கோபுரமும் முதலில் போகும் என்றே திட்டமிடுங்கள். இடுக்கியின் பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6 இரவு தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகள் புதைந்தபோது, செய்தி வெளியே போனது மறுநாள் காலையில்தான். 70 பேர் இறந்தார்கள். கையால் சுழற்றும் சைரன், மெகாபோன், விசில், வாக்கி டாக்கி இவற்றில் எது உங்களுக்கு முடியுமோ அதை இரு கரையிலும் வைத்திருங்கள். கனமழை இரவில் யார் முழித்திருப்பது என்று முறை போட்டுக்கொள்ளுங்கள். ஆபத்தான வீட்டை விட்டு அன்று போகவே முடியாதவர்கள் மலைச்சரிவுப் பக்கச் சுவரை ஒட்டிப் படுக்காமல், மேல் மாடியில், எதிர்ப்பக்க அறையில் தங்கட்டும். அது கடைசி வழி, நல்ல வழி அல்ல.

ஒன்பதாம் படி: அறிகுறிகளைப் பிடித்தவுடன் கிளம்புங்கள்

மழை பெய்துகொண்டிருக்கும்போதே ஓடையில் நீர் சட்டென்று குறைந்தால், மேலே எங்கோ மண் சரிந்து அணை கட்டியிருக்கலாம். உடனே உயரத்துக்குப் போங்கள், காரணம் தேடி ஓடைக்குள் போகாதீர்கள். தெளிந்த ஊற்று திடீரென்று கலங்குவது, மரம் முறியும் ஓசை, பாறைகள் மோதும் அதிர்வு, மண்வாசனை சட்டென்று கூடுவது ஆகியவற்றுக்கும் அதே பதில்.

மெதுவான அறிகுறிகளை அளக்கலாம். தரையில் விரிசல் கண்டால் இரு பக்கமும் ஒரு முளை அடித்து, இடைவெளியை வாரம் ஒரு முறை அளந்து எழுதுங்கள். அளவைவிட வேகம் கூடுகிறதா என்பதுதான் முக்கியம். வயோன்டில் கடைசி நாட்களில் மலை நாளொன்றுக்கு 20 சென்டிமீட்டர் அளவுக்கு நகர்ந்தது. வேகம் கூடினால் நாள் கணக்குக்குக் காத்திராமல் அன்றே நிர்வாகத்துக்குச் சொல்லி, கீழே உள்ளவர்களை வெளியேற்றுங்கள்.

இது பலிக்கும் என்பதற்குச் சான்றுகள் உண்டு. 1893-ல் கார்வால் இமயத்தில் ஒரு பெருஞ்சரிவு பிரேஹி கங்கையை அடைத்து கோஹ்னா ஏரியை உண்டாக்கியது. அதிகாரிகள் ஏரியைக் கண்காணித்து, கீழே உள்ள ஊர்களுக்குத் தந்திக் கம்பி இழுத்து, மக்களை உயரத்துக்கு அனுப்பினார்கள். 1894 ஆகஸ்டில் ஏரி உடைந்து கார்வாலின் ஸ்ரீநகர் ஊரையே (காஷ்மீரின் ஸ்ரீநகர் அல்ல) துடைத்துப் போனபோது இறந்தவர்கள், எச்சரிக்கையை மீறித் திரும்பிவந்த ஒரு குடும்பத்தின் ஐந்து பேர் மட்டுமே. சுவிட்சர்லாந்தின் பிளாட்டன் கிராமத்தை 2025 மே 28-ல் பனிப்பாறையும் பாறையும் மூடின. ஒன்பது நாள் முன்பே, மே 19-ல், சுமார் 300 பேரை வெளியேற்றியிருந்ததால் உயிரிழப்பு ஒன்றோடு நின்றது.

வெளியேறிய பிறகு எதுவும் நடக்காமல் போகும் இரவுகள் நிச்சயம் வரும். சிலர் சலித்துக்கொள்வார்கள். முடிவெடுத்தவரை யாரும் குறைசொல்லக் கூடாது என்று ஊர்க் கூட்டத்தில் முன்கூட்டியே பேசி வையுங்கள். அடுத்த முறை தயங்கிவிட்டால் அதன் விலையை மற்றவர்கள்தான் கொடுப்பார்கள்.

பத்தாம் படி: நிபுணரிடம் கொண்டுபோங்கள், நோட்டைப் புதுப்பியுங்கள்

இவ்வளவும் செய்த பிறகு நிலவியல் துறையையோ பேரிடர் மேலாண்மை அலுவலகத்தையோ அணுகும்போது, பொதுவாக "எங்கள் ஊர் பாதுகாப்பானதா?" என்று கேட்காதீர்கள். காகிதத்தை விரித்து இடத்தைக் காட்டிக் கேளுங்கள். இந்தச் சரிவு பழைய சரிவா, இன்னும் நகர்கிறதா? இந்த ஓடையில் சேற்றோட்டம் வந்தால் எதுவரை விரியும்? அரசின் ஆபத்து வரைபடம் எந்த அளவுகோலில் தயாரானது? 1:50,000 வரைபடத்தில் ஒரு சென்டிமீட்டர் அரை கிலோமீட்டர். ஒரு மனைக்கு அது பதில் சொல்லாது, தனி ஆய்வு கேளுங்கள். எழுத்தில் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.

நோட்டின் ஒரு பிரதி பள்ளியிலும், ஒன்று உள்ளாட்சி அலுவலகத்திலும், ஒன்று ஊருக்கு வெளியே ஒரு நம்பகமான இடத்திலும் இருக்கட்டும். ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்பும் சிறுபாலங்களையும் விரிசல் முளைகளையும் தப்பும் பாதையையும் ஒரு சுற்று பார்த்துவிடுங்கள். மழைக்காலம் முடிந்ததும் புதிய சரிவுகள் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் படத்தோடும் மழை அளவோடும் சேருங்கள். மேலே புதிதாகச் சாலையோ கட்டடமோ வந்தால், காட்டுத்தீ பரவினால், நிலநடுக்கம் உணரப்பட்டால், மழைக்காலத்துக்குக் காத்திராமல் ஐந்தாம் படியையும் ஏழாம் படியையும் உடனே மறுபடி செய்யுங்கள்.